மில் வாசலில் சொன்ன சொல்

இராஜபாளையம்
3.6.1991

அன்புள்ள பொன்னுராஜ்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்தாயே, அதற்கே நன்றி. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடும் ஊருக்கு, எட்டு வருஷம் கழித்துக் கடிதம் போடுகிறேன்.

நீ ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாய், மேஜைமேல் தலையணை மாதிரி அகராதி வைத்திருக்கிறாய் என்றார்கள். 'பேச்சு' என்ற சொல் எங்கிருந்து வந்தது? பார்த்து எழுது. மேடை மேடையாகப் பேசியே காலம் தள்ளியவனுக்கு இப்போதுதான் இந்தச் சந்தேகம் வருகிறது. தொண்டையில் கட்டி. 24ஆம் தேதி மதுரையில் குரல்வளையை எடுக்கிறார்கள். அதற்கப்புறம் எனக்குக் குரல் கிடையாது.

அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. 83 வேலைநிறுத்தத்தில், மில் வாசலில் மைக்கைப் பிடித்து உன்னைக் கருங்காலி என்றேன். நீ பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போனதாகச் சொன்னார்கள், நம்பினேன். அன்றைய வருகைப் பதிவில் உன் பெயரே இல்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. வாயால் சொன்னதை வாயாலேயே திரும்ப எடுக்க வேண்டும். 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை, சாயங்காலச் சங்கு ஊதும் நேரம், அதே வாசல். வருவாயா?

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
7.6.1991

மதிப்பிற்குரிய தோழர் அவர்களுக்கு,

கேட்ட சொல்லைப் பார்த்தேன். 'பேசு' என்பதற்கு முந்திய வேரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொருள்கள்தான் ஏராளம். சொல்வதும் பேச்சு, ஏசுவதும் பேச்சு, கல்யாணம் முடிவு செய்வதும் பேச்சு. 'அவர்களுக்குள் பேச்சு இல்லை' என்றால் உறவே இல்லை என்று பொருள்.

பழைய நூல்களில் இதற்கு 'மாற்றம்' என்று ஒரு சொல் உண்டு. மாறு என்பதிலிருந்து வந்தது. ஒருவர் கொடுக்க, மற்றவர் பதிலுக்குக் கொடுப்பது. நாம் அதை விட்டுவிட்டோம். உங்கள் ஊர் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கில் 'மாட்ட' என்கிறார்களே, அது இதற்கு உடன்பிறப்பு.

அன்று நீங்கள் வாசலில் பேசியது இதில் சேராது. நான் மைக்கைக் கேட்டேன். நீங்கள் தரவில்லை.

சிகிச்சை நல்லபடியாக முடியட்டும்.

பொன்னுராஜ்


இராஜபாளையம்
11.6.1991

பொன்னுராஜ்,

'தோழர் அவர்களுக்கு', 'நீங்கள்'! நாலு வார்த்தை திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றோம். அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது, ஊர்க்கதை பூராவும் கையாலேயே பேசினோம். உன் பக்கம் இழை அறுந்தால் நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டுவேன், ஒட்டு என்று. நீயும் அதேபோல் தேய்த்துக் காட்டுவாய், பார்த்துவிட்டேன் என்று. அப்போது எங்கே இருந்தது இந்த 'நீங்கள்'?

மைக்கைத் தந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உன் கடிதம் வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். "இருக்கிற குரலையும் ஏன் இப்படிப் புலம்பியே தீக்கிய? செத்த நேரம் சும்மா இருங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி வேலுத்தாய். குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது. நாள் ஓடுகிறது, சீக்கிரம் எழுது.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.6.1991

தனுஷ்கோடி,

ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் உண்மை.

அன்று உள்ளே வேலைக்குப் போனவன் என் தம்பி சுந்தரபாண்டியன். நிரந்தரமில்லாத பதிலி வேலை, புதுக் கல்யாணம், பயந்துவிட்டான். அவனை இழுத்து வரத்தான் போனேன். அவன் வரவில்லை. மைக் என் கைக்கு வந்திருந்தால் அவன் பெயரையல்லவா சொல்ல வேண்டும்? கேட்டேனே தவிர, நீ தராததில் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை மறைக்கத்தான் இத்தனை வருஷமாக உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவன் இன்றும் அதே மில்லில் இருக்கிறான். நீ என்னைப் பற்றிப் பேசினால், பிறகு பொன்னுராஜ் ஏன் உள்ளே போனான் என்று கட்டாயம் கேட்பார்கள். அதனால் பேசாதே. நான் வரவில்லை.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.6.1991

ஏலே தனுஷ்கோடி,

வரவில்லை என்று எழுதிவிட்டு நேற்று வந்தேன். வாசலுக்கு எதிரே சோடாக்கடை ஓரமாக நின்றேன்.

சொன்னால் கேட்கிற ஆளா நீ! "பொன்னுராஜைக் கருங்காலின்னு இந்த இடத்துலதான் சொன்னேன். அது தப்பு." மைக்கிலும் கரகரவென்றுதான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. நான் பயந்ததுபோலவே ஒருவன் கத்தினான். "அப்ப எதுக்கு உள்ள போனான்? சொல்லும்!" நீ வாயை மூடிக்கொண்டாய். "வெலை போயிட்டீரா?" என்றான் இன்னொருவன். ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவன், கடைசியாகக் கிடைத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாய். நான் வாங்கிய ஏச்சையெல்லாம் நீ வாங்கினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டம் கலைந்தபின் என்னைப் பார்த்தாய். விரலைத் தேய்த்துக் காட்டினாய். நானும் காட்டினேன். அதற்குள் நடுவில் ஒரு பஸ் வந்து நின்றுவிட்டது. நீ பார்த்தாயோ என்னவோ, அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பியும் ஷிப்ட் முடிந்து அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருக்கிறான். இன்று காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டான். "அவியகிட்ட நானே சொல்லணும்ணே" என்கிறான். தபாலில் போட்டால் நீ மதுரைக்குப் போவதற்குள் வந்து சேராது. இதைக் கொண்டு வருகிறவன் அவன்தான். வாசலில் நிற்பான், உள்ளே கூப்பிட்டு உட்கார வை. அவன் சொல்லி முடித்ததும் குரல் இருக்கும்போதே பதில் சொல்லிவிடு. திட்டினாலும் சரி.

மதுரைக்கு நானும் வாரேன்.

பொன்னுராஜ்