பொட்டு வைத்த டிஸ்கெட்

இன்று கடையில் ஆயுத பூசை. முதலாளி அக்கா சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். வாசனை வந்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அலமாரியைத் திறந்து உன் டிஸ்கெட்டை எடுத்தேன்.

ஜெலுத்தோங்கில், மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் நீயும் நானும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அதைச் சொல்லிக் காட்டாத ஒரே ஆள் நீ. கம்ப்யூட்டரின் பீப் சத்தத்தை வைத்தே ஒரு மெட்டுக் கட்டினாய். டிஸ்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து அது வாசிக்கும். மெட்டு நாளுக்கு நாள் நீண்டது.

"இது பாட்டாடா? லோரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு."

"முடிவு வரட்டும்லா. அப்புறம் பேசு" என்பாய்.

போன வருடம் இதே பூசையன்று முடித்துவிட்டாய். உடனே கேட்கலாம் என்றேன். பூசை ஆகட்டும் என்று, ஸ்க்ரூடிரைவர், மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாய். கடைசியில் டிஸ்கெட். அதன் உறையில் ஒரு திறப்பு, உள்ளே கறுப்புத் தகடு தெரியும். அங்கே கை வைக்காதீர்கள் என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வோம். நீ சரியாக அங்கேயே வைத்தாய்.

"டேய், இன்னொரு டிஸ்கெட்டுல காப்பி எடுத்தியா?"

"சாமி பாத்துக்கும். நீ வாய மூடு."

கற்பூரம் அணைந்ததும் டிஸ்கெட்டைப் போட்டோம். மெட்டு பாதி வந்தது. டிரைவ் கரகரத்தது. கம்ப்யூட்டர் அப்படியே செத்தது. கீபோர்டில் எந்தக் கட்டையைத் தட்டினாலும் அசையவில்லை. ஒரே ஒரு சுரம் மட்டும் நிற்காமல் கத்தியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். அதே இடம், அதே சுரம். நான் வைரஸ் என்றேன். நீ டிரைவ் கோளாறு என்றாய்.

"பொட்டுடா, மடையங்களா!" என்றார் அக்கா.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நாளைக்கு முடிவ வாயாலயே பாடிக் காட்டறேன்டா" என்றாய். அன்று சாயங்காலம் நிபோங் திபாலில் உன் வீட்டுக்கு பைக்கில் கிளம்பினாய். வழியிலேயே முடிந்துபோனாய்.

"தம்பி, ஸ்பிரிட்டுல தொடச்சுப் பாரேன். படிச்சாலும் படிக்கும்" என்றார் அக்கா இன்று.

பஞ்சை நனைத்தேன். விளக்கடியில் பிடித்தேன். டிரைவில் சுற்றிச் சுற்றிச் சந்தனம் பாதி தேய்ந்திருந்தது. மீதிப் பாதியில் உன் விரல் ரேகை. துடைத்தால் முடிவு கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ரேகை மட்டும் கண்டிப்பாகப் போய்விடும். இதில் எதை நான் வைத்துக்கொள்வது? பாட்டு நீ யோசித்தது. ரேகை நீயேதான். இல்லை, அப்படியும் இல்லையோ?

"என்னடா முழிக்கிற?"



யோசிப்பதற்குள் பஞ்சு காய்ந்துவிட்டது. டிஸ்கெட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

பைக்கில் வீட்டுக்குப் போகும்போது வழக்கம்போல உன் மெட்டை விசிலடித்தேன். அந்தச் சுரம் வந்ததும் மூச்சு உள்ளவரை இழுத்தேன். அதற்கப்புறம் மேலே ஏறுமா, கீழே இறங்குமா? சிக்னலில் பச்சை விளக்கு விழுந்தும் பைக்கை எடுக்கவில்லை. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. அடுத்த சுரம் அதுதானோ என்று ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டேன்.