மல்லிகா பேரைப் போடுங்க

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே கொதிக்கிற வெயில். ஆக்சிஜன் மெஷின் ஃபில்டரைக் கழுவினேன். மனைவி தனத்துக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 91. நாளை பராமரிப்பு மின்தடை, ஒன்பது முதல் ஐந்து. சிலிண்டர் சொல்லியாச்சு. மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறியவன் நான். மின்தடை என்றால் இப்போதுதான் பயம்.

மதியம் அந்தத் தாள். தனத்துக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. அடுத்த தடவை மூச்சு முட்டினால் குழாய் போடும்படி ஆகலாம், போட்டால் எடுப்பது கஷ்டம் என்று போன மாதம் டாக்டர் சொன்னதிலிருந்து இதே பேச்சு. என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அவளே முன்கூட்டி எழுதி வைக்கலாமாம். அவள் சொல்ல நான் எழுதினேன்:

தொண்டையில் குழாய் வேண்டாம்.
திணறல் தெரியாமல் இருக்க மருந்து. அது போதும்.
முடிந்தால் வீட்டில்.

அவளுக்குப் பேச்சில்லாதபோது அவளுக்காகச் சொல்ல வேண்டியவர் யார்? கேட்காமலே என் பேரை எழுதினேன்.

"அத அடிங்க. மல்லிகா பேரப் போடுங்க."

மல்லிகா அவள் தங்கை. திருமானூரில் தையல் கடை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். சாப்பிடவில்லை. (நாலு மணிக்கு இரண்டு தோசை.)

ஜூன் 10, புதன்

மின்தடை. சிலிண்டர் முள்ளையே பார்த்தபடி இருவரும். கோபம் அடங்கவில்லை, கேட்டுவிட்டேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்த ஆனவன், இதற்கு மட்டும் ஆகமாட்டேனா?

"அரியலூர்ல ஒங்க அண்ணன பதினோரு நாளு மெஷின்ல வச்சிருந்தீங்க. போதுமான்னு டாக்டரு தெனம் கேட்டாரு. நீங்கதான் மாட்டேன்னுட்டீங்க."

"அது அண்ணன். நீ வேற."

"அதான் சொல்றேன்."

சரியாக ஐந்துக்குக் கரண்ட் வந்துவிட்டது. திட்டக்கூட ஆளில்லை.

ஜூன் 12, வெள்ளி

தனம் போன் பண்ணி, மல்லிகா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். தாளில் கையெழுத்துப் போட பதினொரு மணிக்கு நோட்டரி. சாட்சி: என் பழைய ஃபோர்மேன், பக்கத்து வீட்டு வாத்தியார். வாத்தியார் பின்வாங்கிவிட்டார். "வெள்ளிக்கெழம அதுவுமா இதுல கையெழுத்தாங்க?"

உடனே நான், "சரிங்க, திங்கக்கெழம வச்சுக்கலாம்." உள்ளுக்குள் நிம்மதி. மல்லிகா கண்டுபிடித்துவிட்டாள்.

"எனக்கு மட்டும் ஆசயா மாமா? அக்கா கேட்டுச்சு. மாட்டேன்னு சொல்ல முடியல."

அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

ஜூன் 13, சனி

காலை ஏழு. தனத்துக்கு 74. உதடு நீலம். 108. பெரம்பலூர் ஆஸ்பத்திரி. தாள் என் பையில், கையெழுத்தில்லாமல்.

டாக்டர்: "மொதல்ல மாஸ்க் போட்டுப் பாக்கறோம். முடியலன்னா டியூப். சம்மதமா, சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் தனம் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"போடுங்க சார்" என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

மாஸ்க்கே போதுமாகிவிட்டது. 88. குழாய் தேவைப்படவில்லை. மல்லிகா திரும்ப வந்து அவள் பக்கத்தில் இருக்கிறாள். நான் வராந்தாவில். உள்ளே போக வெட்கம்.

சாயங்காலம் தனம் கூப்பிட்டனுப்பினாள்.

"டாக்டருகிட்ட என்ன சொன்னீங்க?"

"போடச் சொன்னேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 18, வியாழன்

லேசாகத் தூறல். நேற்று வீடு வந்தோம். கஞ்சி வேண்டுமா என்றால் ம். ஃபேனைக் கூட்டவா என்றால் ம். அவ்வளவுதான் பேச்சு.

நோட்டரியை நானே போனில் பிடித்தேன். வீட்டுக்கே வந்தார். ஃபோர்மேனும் அவர் சம்சாரமும் சாட்சி. மல்லிகாவும் வந்தாள். பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் முழுவதும் திரும்ப எழுதினேன். மல்லிகா பேர், விலாசம், எல்லாம் என் கையாலேயே.

நோட்டரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "வூட்டுக்காரர் நீங்க நல்லாத்தான இருக்கீங்க. எதுக்குத் தங்கச்சி பேரு?"

தனம் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்.

"நான் இவள போக விடமாட்டேங்க."