வரியின் தொடக்கத்தில் ஒரு ஃபிளாட்

சித்திரபுரம்,
7 மார்ச் 1974

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. இன்னும் அழுகிறாயாமே.

அழுவதை விட்டுவிட்டு இதைப் படி. மேல்நாட்டு இசைத்தாளில் வரியின் தொடக்கத்தில், 'பி' சுரத்துக்குரிய நடுக்கோட்டில் ஃபிளாட் என்ற குறி ஒன்று போட்டிருந்தால், அந்த வரியில் வருகிற எல்லா 'பி'யையும் அரைச் சுரம் இறக்கி வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட மாட்டார்கள். அந்த ஒரு குறி இல்லாவிட்டால் பாட்டு முழுவதும் கெட்டுவிடும்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அப்படித்தான் கெட்டது. புதுப் பாட்டு, தாளில் இருந்ததை இருந்தபடியே வாசித்தாய். பாடகர் குழு பாதியில் நின்றது. உன்னைப் பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, "புள்ள நல்லா வாசிக்கும்னீங்களே" என்று சிரித்தது உனக்கும் கேட்டிருக்கும்.

கோயிலில் இருப்பது ஒரே பாட்டுப் புத்தகம். அதைப் பார்த்து உனக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கிறது என்று நீயே சொன்னாய்.

அந்த மாப்பிள்ளை வீட்டார் இப்போது என்னைப் பெண் கேட்டிருக்கிறார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கலியாணம். ஆர்மோனியம் வாசிக்க நீ வந்துவிடு. பாட்டை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஃபிளாட்டை விடாமல் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா