வெளிச்சுவர்

இராயப்பேட்டை,
4-1-1937

சங்கரா,

நீ கட்டும் வீட்டின் நக்ஷாவில் ஓர் ஆளைக் கொல்ல இடம் விட்டிருக்கிறாய்.

வடபழனித் தோட்டத்தில் வீடு ஒரு கோடி, பஸ் பாடி கட்டும் பட்டறை மறு கோடி, நடுவே பட்டறைக்குக் கரண்ட் கொண்டுபோகும் கம்பம். நான் போட்ட படத்தில் மெயின் சுவிட்சு வீட்டின் வெளிச்சுவரில் இருந்தது. நீ திருத்தி அனுப்பியதில் அது பூஜை அறைப் பக்கத்து ரேழிக்குப் போய்விட்டது. எங்கள் தொழிலில் கம்பம் ஏறுகிறவன் ஃபியூஸ் கட்டையைத் தன் கையால் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவான். கிரகப்பிரவேசம் ஆன பிறகு எங்களை உன் ரேழிக்குள் விடுவார்களா?

பள்ளிக்கூடத்தில் உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் கேட்கிறேன்.

அன்புடன்,
ஷரஃபுதீன்


மயிலாப்பூர்,
9-1-1937

அன்பார்ந்த ஷரஃபு,

உன் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ கணக்குச் சொல்லித் தரவில்லை, நான் காப்பியடித்தேன்.

சுவிட்சு வெளியே இருந்தால் பட்டறை ஆட்கள் இஷ்டத்துக்கு மோட்டாரைப் போடுவார்கள். அது என் கைக்குள் இருக்க வேண்டும். அம்மாவின் ஆசாரம் உனக்குப் புதிதல்ல. உன் ஆட்கள் கொல்லையில் நின்று குரல் கொடுத்தால் உள்ளே யாராவது அணைக்கிறோம். இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

உன் தம்பி ஹனீஃபாவுக்குக் கல்யாணமாமே. வீட்டில் ஜலஜா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

பிரியமுள்ள,
சங்கரன்


இராயப்பேட்டை,
13-1-1937

சங்கரா,

உன் கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தான். "அய்யரு வூட்டுச் செவுரு, அய்யரு இஷ்டம். நீ இன்னாண்ணே கோர்ட்டுல நிக்கிறாப்ல பேசிக்கினு கீறே? நான் கத்தறேன், அவங்க அணைக்கட்டும்" என்றான்.

உன் படப்படியே செய்கிறேன். நானும் ஒப்புக்கொண்டேன் என்பதற்கு இந்தக் கடிதம் சாட்சியாக இருக்கட்டும்.

ஷரஃபுதீன்


வடபழனி,
20-3-1937

ஷரஃபு,

ஹனீஃபா எனக்கும் தம்பிதான். பத்து நாளாக வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் நீ செய்தது நியாயமா? எனக்கு இரண்டு பல் போயிற்று. போலீசில் நான் வாய் திறக்கவில்லை.

வக்கீல் எழுதிய காகிதம் ஒன்று இத்துடன் இருக்கிறது. ஹனீஃபா குரல் கொடுக்காமலே ஏறிவிட்டான் என்று அதில் கண்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதோடு இரண்டு பக்கமும் விட்டுவிடுவோம்.

சங்கரன்


இராயப்பேட்டை,
24-3-1937

மகாராஜராஜஸ்ரீ சங்கரன் அவர்களுக்கு,

உங்கள் காகிதத்தைக் கிழித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஹனீஃபா குரல் கொடுத்தான். "ஆச்சு, ஏறிக்கோ" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ஏறினான். கால் மணி கழித்துப் பட்டறையில் ரம்பம் சுற்றத் தொடங்கியது. மேலே அவன் கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. சதை கருகும் வாடை கீழே நின்ற என் மூக்கில் ஏறியது. ஓடிவந்தேன். நீங்கள் கொல்லை வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தீர்கள். "நில்லுடா, அம்மா பூஜைல இருக்கா" என்றீர்கள்.

அந்த வாயில்தான் குத்தினேன். விழுந்த உங்களை மிதித்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டையைப் பிடுங்கினேன். கம்பத்திலிருந்து அவன் விழுந்த சத்தம் ரேழியில் கேட்டது. கட்டை இன்னும் என் பையில் இருக்கிறது.

அணைத்த சுவிட்சை மறுபடி போட்டது யார்?

ஷ. ஷரஃபுதீன்


இராயப்பேட்டை,
17-7-1937

சங்கரா,

மூன்று கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

தம்பி மனைவி குல்சுமுக்கு நேற்றோடு துக்கம் காக்கும் இத்தா முடிந்தது. நான்கு மாதம் பத்து நாள் அறைக்குள் இருந்தவள், வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சுச்சைப் போட்டது யாரு?" தெரியாது என்றேன். பொய்.

உன் அம்மா பூஜையில் மணியடித்துக்கொண்டிருந்தார். ஜலஜா கிணற்றடியில் இருந்தாள். பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்க வந்த சேட்டு, ரம்பம் ஓடுவதைப் பார்க்கப் பட்டறையில் காத்திருந்தார். வீட்டில் மீதி யார்? இந்தக் கணக்கை நீயே போடு. காப்பியடிக்கப் பக்கத்தில் நான் இல்லை.

குல்சுமுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தப் பெயரை உன் கையால் எழுதி அவளுக்கு அனுப்பு.

ஷரஃபுதீன்