சீர்க் கட்டிலின்மேல் ஒரு ரயில்

அம்மிணிக்கு,

சீர்ச் சாமான்களை எடுத்துப்போக உன் தம்பி டெம்போவோடு வந்தான். பீரோவையும் அண்டாவையும் ஏற்றிவிட்டு, "கட்டில் எங்கீங்க மச்சான்?" என்றான்.

நீ பொங்கலூரில் உன் அம்மா வீட்டுக்குப் போன மறுவாரமே அதை அறுத்துவிட்டேன். பொம்மை ரயில் ஓட அடிப்பலகை வேண்டியிருந்தது. தரையில் படுப்பது முதுகுக்கு நல்லதாம்.

கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்து, வெள்ளை சிமெண்டில் முக்கிப் பலகைமேல் போர்த்தினேன். இறுகி, ரயில் சுற்றிவர ஒரு மலையாகிவிட்டது. வீடெல்லாம் தூசி. நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய்.

பலகையை அறைக்குள்ளேயே வைத்துப் பொருத்தியதால் அது கதவைத் தாண்டி வெளியே வராது. மலையை உடைத்தால்தான் பலகையைப் பிரிக்கலாம். உன் தம்பி சுத்தியலை எடுத்தான்.

"உங்க அக்காளே வந்து ஒடைக்கட்டும் மாப்ள" என்றேன்.

சுத்தியல் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. ஆறு மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்