அன்ரி மணந்த சட்டை

வெள்ளவத்தை

அன்புள்ள தர்மினிக்கு,

நான் சுகம். உம்முடைய முதுகுநோ எப்படி?

சிகரெட்டை விட்டு ஒரு மாதமாகிறது. ஆனாலும் ஒஃபிசில் டென்ஷன் ஏறினால், புகைப்பவர்களோடு போய்ச் சும்மா நிற்பேன். தனியே இருக்க முடிவதில்லை. அவர்களின் புகை என் சட்டையில் ஒட்டிக்கொள்கிறது.

நேற்று வீட்டுக்கார அன்ரி, நான் கழற்றிக் கொளுவிய சட்டையை மணந்துபார்த்து, "தம்பி இன்னும் விடேல்லைப் போல" என்றார். அன்றிரவே நீர் போனில், "உண்மையா விட்டிட்டீங்களோ?" என்று கேட்டீர். அன்ரியை எனக்குக் காவல் வைத்தது நீர்தானே? போனில் கதைத்தால் அவருக்குக் கேட்கும் என்றுதான் எழுதுகிறேன்.

வாயில் போட்டு மெல்ல, நீர் வறுத்த பெருஞ்சீரகம் கொஞ்சம் வேண்டும். தபாலில் அனுப்பாமல் நீரே கொண்டுவந்து, என்னையே மணந்து பாரும்.

கதவடியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

சுகிர்தன்