போக வர டிக்கெட்

பிள்ளைப்பாக்கம் போகும் வழியில் புதிதாக வந்திருக்கும் தொழிற்சாலைக்கு இன்று காலை கேட் போட்டார்கள். இரும்பு கேட். அதற்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது நான் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். வெயிலில் காய்கிற பெயிண்ட்டும் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த லாரியின் டீசல் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எனக்குக் காலடியில் தரை அசைவதுபோல இருந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர், "இன்னாம்மா, மயக்கமா?" என்று கேட்டார். கப்பல் ஞாபகம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. நீ கண்ணை மூடிவிட்டாய் என்பதும் தெரியும்.

நாம் இருவரும் பினாங்குக்குக் கப்பல் ஏறியதை ஊரில் இன்னும் கதையாகச் சொல்கிறார்கள். நான்கு தலைமுறையாக ஏரிப் பாசனத்தைத் தாண்டிப் பிழைப்பு தேடாத குடும்பத்தில் ஒரு மருமகளும் ஒரு மகளும் ஆண் துணையில்லாமல் கடல் தாண்டியது அப்போது பெரிய சங்கதி. உன் புருஷன் கல்யாணமான மறு வருஷம் அங்கே ஒரு கடையில் வேலைக்குப் போனவர். முதலில் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அங்கிருந்து திரும்பி வந்த ஒருவர், "நல்லாத்தான் கீறாரு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினார். அன்று சாயங்காலம் நீ உன் அண்ணனிடம், "நானே போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாய். நடவு நேரம். அவரால் வரமுடியாது. "அண்ணி வரட்டும்" என்று நீயே முடிவும் செய்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதராஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டிக்கெட் ஏஜெண்ட் ஆபீஸ் இருந்ததே, அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு நம்மைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, வரிசையில் நின்றவர்களையும் காக்க வைத்துவிட்டுப் புத்தி சொன்னார். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள், பெட்டியில் கொஞ்சம், இடுப்பில் கொஞ்சம், துணைக்கு வருபவரிடம் கொஞ்சம். கப்பலில் அந்த ஊர்ப் பணமாக மாற்றினால் குறைவாகத்தான் தருவார்கள், செலவுக்கு மட்டும் மாற்றுங்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தைக் கையால் தொடாதீர்கள். அங்கே இறங்கியதும் வண்டியில் ஏறி உட்காருவதற்கு முன்னால் கூலியைப் பேசிவிடுங்கள். கடைசியாக, "போக வர ரெண்டுக்கும் இங்கியே டிக்கெட் எடுத்துடுங்க. அங்க போய் மாட்டிக்கினா வெளிநாட்டுப் பணத்துக்கு எங்க போவீங்க?" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "புருசன்கிட்ட போற பொண்ணுக்குத் திரும்பி வர டிக்கெட்டா? வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று என்னைத்தான் திட்டினார்கள். உன் அண்ணனும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். கையை நிறுத்தாமலே, "நான் அங்க இருந்துட்டா டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துப் பணம் வாங்கிக்கலாம். அண்ணி தனியா வரும்போது அந்தப் பணம் அதுக்கு ஒதவும்" என்றாய். போக வர டிக்கெட்டுக்கு உன் வளையல்கள் போயின. உனக்குச் சந்தேகம் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கப்பலில் நமக்குக் கிடைத்தது அடித்தளத்தில் பெண்கள் பகுதி. மேலும் கீழுமாக இரும்புக் கட்டில்கள், எங்கும் பெயிண்ட் நாற்றம். முதல் நாளே மணி அடித்து எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச் சொன்னார்கள். ஆபத்து வந்தால் எந்தப் படகு, எந்த வழி என்று காட்டினார்கள். பாதிப் பெண்கள் வரவே இல்லை. வந்தவர்களும் லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ அதை எனக்குக் கட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, அவிழ்த்து மறுபடியும் என்னையே கட்டச் சொன்னாய். "எப்பவும் நானே கட்டிக்கினு இருப்பனா?" என்றாய். அப்புறம் நான் படுத்தவள்தான். நாகப்பட்டினம் தாண்டியதிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் இருந்தார்களே, மகளைப் பார்க்கப் போகிறவர்கள். எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தார்கள், என் நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். இறங்குவதற்கு முந்தின நாள் ஒரு துணி மூட்டையை உன்னிடம் நீட்டி, "புடவைங்கதான். எங்கிட்ட அதிகமாயிடிச்சி, சுங்கத்துல கேப்பாங்க. உன் பெட்டியில வச்சிக்கோயேன்" என்றார்கள். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிக்கோங்கம்மா, முடியாது" என்றாய். அந்த அம்மாள் முகம் சுண்டிப்போனது. எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் சுங்கத்தில் அந்த மூட்டையை நம் கண் முன்னால்தான் பிரித்தார்கள். புடவைகள்தான். நடுவில் ஒரு ஊறுகாய் ஜாடி. "பாத்தியா?" என்று உன்னைக் குத்திக் காட்டினேன். "புடவன்னு தெரிஞ்சிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன் அண்ணி. இங்க மாட்டிக்கினா நம்மளுக்கு யாரு கீறா?" என்றாய். இன்றைக்கும் எனக்கு அதில் உன்னோடு முழு உடன்பாடு இல்லை. அந்த அம்மாளின் எலுமிச்சம்பழம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நம் பகுதியைத் துடைத்து, வெந்நீர் கொண்டுவந்து கொடுத்த நாகப்பட்டினத்து அண்ணன் விஷயத்திலும் நமக்குச் சண்டை வந்தது. மற்றவர்கள் வேளைக்கு வேளை சில்லறை கொடுத்து முதல் சொம்பு வெந்நீரை வாங்கிக்கொண்டார்கள். நீ கொடுக்கவில்லை. கஞ்சத்தனம் என்று நான் சொன்னேன். "ஒவ்வொரு சொம்புக்கும் காசு வச்சா, வைக்காதவங்களுக்கு வெந்நீரே வராது. எறங்கும்போது மொத்தமாக் குடுக்கலாம்" என்றாய். அப்படியே கொடுத்தாய். எல்லோர் கண்ணிலும் படும்படி நீட்டாமல், பேரைக் கேட்டு, கையில் வைத்து மூடினாய். தொகை பெரிதில்லை. அவருக்கு அது குறையாகப் பட்டதாகவும் தெரியவில்லை.

பினாங்கில் நம்மை அழைத்துப்போக யாரும் வரவில்லை. கடிதம் போட்டிருந்தோம். நீ கூலி பேசி, மூன்று சக்கர வண்டியில் என்னை ஏற்றி, கடைத்தெருவுக்குக் கொண்டுபோனாய். மசாலா மூட்டைகள் அடுக்கிய கடை. கல்லாப் பலகைமேல் ஒரு சிறு பெண் குழந்தை உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. உன் புருஷனின் அதே நெற்றி, அதே காது. அது உள்ளே பார்த்து, "அப்பா, ஆளு வந்திருக்கு" என்று கூப்பிட்டது. அவர் வெளியே வந்தார். நம்மைப் பார்த்ததும் கையிலிருந்த அளக்கிற படி கீழே விழுந்தது.

நீ என் கையிலிருந்த பையை வாங்கி, திரும்பவும் என்னிடமே கொடுத்தாய். எதற்கு என்று உனக்கும் தெரிந்திருக்காது. பிறகு, "நீ இங்கியே நில்லு அண்ணி" என்று சொல்லிவிட்டு அவரோடு கடையின் பின்பக்கம் போனாய். நான் தெருவில் நின்றேன். உள்ளே சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க அழுதேன். கடைசியில் நீ வந்தாய். "கப்பல் சிங்கப்பூர் போய்ட்டுத் திரும்ப இங்க எப்ப வரும்னு கேட்டுட்டேன். வா" என்றாய். அவ்வளவுதான். தமிழ் ஆட்கள் தங்கும் ஒரு விடுதியில் கப்பலுக்காகக் காத்திருந்தோம். அந்தக் குழந்தையைப் பற்றியோ அதன் தாயைப் பற்றியோ நீ ஒரு சொல்லும் கெட்டதாகப் பேசவில்லை. நல்லதாகவும் பேசவில்லை.

திரும்பும் வழியில் கடல் அமைதியாக இருந்தது. எனக்கு மயக்கம் வரவில்லை. நீதான் கட்டிலில் இருக்காமல் மேலே போய்க் கம்பியோரம் நின்றாய். சாப்பிட வந்தாய், திரும்பப் போய் நின்றாய். உன்னைத் தனியாக விட எனக்குத் துணிவில்லை. அதே நாகப்பட்டினத்து அண்ணனிடம் ரகசியமாகப் போய், "அவங்க மேல நிக்கிறாங்க, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன். ஏறும்போதே மொகத்தப் பாத்தேன்" என்றார். அதன்பின் நீ நிற்கும் இடத்தைச் சுற்றியே அவருக்கு ஏதாவது வேலை இருந்தது. கயிற்றைச் சுருட்டினார். துடைத்த பலகையைத் துடைத்தார்.

உனக்கு அது தெரியாமல் போகுமா? என்னைக் கூப்பிட்டு, "இன்னா அண்ணி, நான் குதிச்சிடுவேன்னு காவல் போட்டியா?" என்றாய். "அங்க பாரு, மீனு பறக்குது. வரும்போது நீ வாந்தி எடுத்துக்கினு இருந்த, உன்ன வுட்டுட்டு நான் ஒண்ணையும் பாக்கல. காசு குடுத்து வந்தாச்சு, திரும்பிப் போறப்பவாச்சும் பாக்க வேணாமா?" என்றாய். மெய்யாகவே பறந்தன. வெள்ளி நிறத்தில், தண்ணீரை ஒட்டி. நானும் நின்று பார்த்தேன். ஆனாலும் உன் முந்தானை நுனியை என் விரலில் சுற்றிக்கொண்டேன். நீ உருவிக்கொள்ளவில்லை.

ஊருக்கு வந்தபின் அத்தை அந்த டிக்கெட் பேச்சை எடுக்கவே இல்லை. நெடுஞ்சாலையோரம் முதலில் வந்த தொழிற்சாலைகளில் ஒன்றின் கேண்டீனில் நீ வேலைக்குச் சேர்ந்தாய். அத்தை இறந்த பிறகும் நீ இந்த வீட்டிலேயே இருந்தாய். தாலியைக் கழற்றவில்லை. யாராவது கேட்டால், "சங்கிலி எங்கண்ணன் போட்டது, எதுக்குக் கழட்டணும்?" என்பாய். சுங்குவார்சத்திரத்திலிருந்து வல்லம் வரைக்கும் உள்ள ஊர்களிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் கிளம்பத் தொடங்கியபோது அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் உன்னைத் தேடி வந்தார்கள். பணத்தைப் பிரித்து வை, பொட்டலம் வாங்காதே, வேலை செய்தவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கு என்று சொல்லி அனுப்புவாய். போக வர டிக்கெட்டைப் பற்றி நீயாகச் சொல்லமாட்டாய். அவர்கள் கேட்டால் மட்டும், "எடுத்துடு" என்பாய். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. மதிய நேரம். ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அன்னிக்குக் கடைக்குப் பின்னால அவரு இன்னா சொன்னாரு?" என்றேன். நீ வெகுநேரம் மென்றாய்.

"சாப்டியான்னு கேட்டாரு. இல்லன்னேன். இலை போட்டு மீன் கொழம்பு ஊத்துனாரு. துன்னேன்."

"அவ்ளோதானா?"

"பசிச்சிது அண்ணி. கப்பல்ல உன்னப் பாத்துக்கினு ஒழுங்காவே துன்னல. அதுக்கப்புறம்தான் பேசலாம்னு பாத்தேன். பேச ஒண்ணும் இல்ல."

நான் தெருவில் நின்று உனக்காக அழுதுகொண்டிருந்த நேரத்தில் நீ உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை வருஷமாக உனக்கென்று வைத்திருந்த துக்கத்தில் பாதி வீண் என்று பட்டது. இப்போது அப்படி இல்லை. உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்த இலைதான் முன்னால் வருகிறது. நீ ஒரு பருக்கை மீதம் வைக்காமல் வழித்துச் சாப்பிடுகிறாய். பரிமாறியவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். நான் பார்க்காத அந்தக் காட்சியைத்தான் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன்.